'பிளாண்டர்' கப்பலின் ஊழியம்

1861 முதல் 1865 வரை அமெரிக்காவின் வட ராஜ்யங்களுக்கும் தென் ராஜ்யங்களுக்கும் நடந்த உள்நாட்டு யுத்தத்தின் கப்பல்களைப் பற்றிப் பேசப் புகுவோர் அனைவரும் முதலில் எடுப்பது 'மானிட்டர்', 'வர்ஜீனியா' என்ற இரு இரும்புக் கவசக் கப்பல்களின் பெயர்களையே. 1862-ஆம் வருஷம் மார்ச்சு 9-ந் தேதி அவ்விரண்டும் மோதிக்கொண்ட அன்றே உலகத்து மரக் கப்பற்படைகளெல்லாம் பழங்கலங்களாகி விட்டன என்று சரித்திராசிரியர்கள் எழுதுவது வழக்கம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு இரண்டு மாதங்களுக்குப் பின், சார்லஸ்டன் துறைமுகத்தில் பஞ்சு மூட்டை சுமப்பதற்கென்று கட்டப்பட்ட நீராவிப் படகொன்று விடியற்காலை இருளில் தன் எஜமானர்களை விட்டுப் புறப்பட்டு எதிர்த்தரப்புக் கப்பல்களுடன் சேர்ந்துகொண்டது. கவசமில்லாத அந்தக் கலம் செய்த காரியம், 'மானிட்டர்' செய்த காரியத்தினும் சிறியதன்று என்பது நமது அபிப்பிராயம். அதன் பெயர் 'பிளாண்டர்'.

அந்தப் பெயருக்கு நம்மவர் அகராதியைத் தேட வேண்டுவதில்லை. இலங்கையிலும் மலேயாவிலும் தோட்டங்களில் உழைத்த நம் ஜனங்கள் எவரைத் 'துரை' என்று அழைத்தார்களோ அவரே பிளாண்டர். தென் கரோலினாவிலோ, கூலியும் கொடாமல், விலைக்கு வாங்கிய மனிதரைக் கொண்டே பஞ்சும் நெல்லும் விளைவித்த நிலப்பிரபுவுக்கு அந்தப் பெயர் வழங்கிற்று. 1860-ல் சார்லஸ்டனிலேயே கட்டப்பட்ட இக்கப்பல் 147 அடி நீளமும் 30 அடி அகலமும் உள்ளது. சுமார் 300 டன் எடை. இரு பக்கங்களிலும் நீராவியால் சுழலும் துடுப்புச் சக்கரங்கள். 1,400 பஞ்சுப் பொதிகள் ஏற்றலாம். இவையெல்லாவற்றினும் முக்கியமானது, அது மிதப்பதற்கு நாலடிக்கும் குறைந்த ஆழமுள்ள நீரே போதும் என்பது. தீவுகளும் உப்பங்கழிகளும் பின்னிக் கிடக்கும் அக்கரையோரத்தில் பெரிய யுத்தக் கப்பல்கள் எட்டிப் பார்க்கவும் முடியாத ஓடைகளுக்குள் இது சுலபமாய் நுழைந்து திரும்பும்.

யுத்தம் மூண்டதும் அந்தக் குணத்துக்காகவே தென் சமஷ்டியார் அதை உரிமையாளரிடம் வாடகைக்கு எடுத்தனர். முன் தளத்தில் 32 ராத்தல் குண்டு வீசும் பீரங்கி ஒன்றும், பின் தளத்தில் 24 ராத்தல் குண்டு வீசும் பீரங்கி ஒன்றும் பொருத்தினர். சார்லஸ்டன் வட்டாரத்தின் சேனாபதியான ரிப்ளேயின் கீழ், கோட்டைக்குக் கோட்டை துருப்புகளையும் தளவாடங்களையும் கொண்டு செல்வதும், கடிதம் சுமப்பதும், துறைமுகத்தில் வெடிகள் பதிப்பதற்கு உதவுவதும் அதன் தொழில். வெளியே கடலில் ஐக்கிய சர்க்காரின் முற்றுகைக் கப்பல்கள் காத்து நின்றன. உள்ளே, யுத்தத்தின் முதல் குண்டு விழுந்த சம்டர் கோட்டை துறைமுக வாயிலை அடைத்துக்கொண்டு நின்றது.

கப்பலில் வெள்ளை அதிகாரிகள் மூவர். காப்டன் ரிலேயா, அவருக்கு அடுத்தவர், இயந்திரத் தலைவர் ஆக மூன்று பேர். மற்ற மாலுமிகள் யாவரும் அடிமைகள். கொதிகலத்துக்கு விறகு போட்டவர்கள் அவர்கள். இயந்திரத்தை இயக்கியவர்கள் அவர்கள். சுக்கான் பிடித்தவரும் அவர்களில் ஒருவரே. அவர் பெயர் ராபர்ட் ஸ்மால்ஸ். 1839-ல் பூபோர்ட் நகரில் பிறந்து, பன்னிரண்டாம் வயதில் எஜமானரால் சார்லஸ்டனுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டவர். விளக்கேற்றுபவராகவும், மூட்டை சுமப்பவராகவும், பாய் தைப்பவராகவும் இருந்து கடல் தொழிலைக் கற்றவர். அவர் சம்பாதித்த கூலியிற் பெரும்பங்கு பூபோர்ட்டிலிருந்த எஜமானருக்குப் போயிற்று. மனைவி ஹன்னாவும் குழந்தையும் வேறொருவரின் உடைமை. அவர்களை விலைக்கு வாங்கி விடுவிக்க அவர் பேரம் பேசியபோது கேட்கப்பட்ட தொகை 800 டாலர். அவர் கையிற் சேர்ந்திருந்ததோ 100 டாலர்தான்.

இங்கே ஒரு சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டும். துறைமுகத்தின் மணல் திட்டுகளையும் நீரோட்டங்களையும் அறிந்து கப்பலை வழிநடத்துகிறவருக்குப் 'பைலட்' என்று பெயர். ஸ்மால்ஸ் செய்தது அந்த வேலையே. ஆனால் அப்பட்டம் வெள்ளையருக்கே உரியதாகையால், கறுப்பரான அவரைச் 'சக்கரம் பிடிப்பவர்' என்றே அழைத்தனர். வேலையை வாங்கிக்கொண்டு பெயரைக் கொடாதிருக்கும் இவ்வழக்கம், பின்னால் வேறு கொடியின் கீழும் அவரைத் தொடர்ந்து வந்ததை மேலே காண்போம்.

1862 மே 12-ந் தேதி மாலை 'பிளாண்டர்' சார்லஸ்டன் துறையில் கட்டப்பட்டிருந்தது. கோல்ஸ் தீவிலிருந்து தென் சமஷ்டியார் எடுத்துவிட்ட பீரங்கிகள் உள்பட நாலு பெரிய பீரங்கிகள் தளத்தில் ஏற்றப்பட்டிருந்தன. துறைமுகத்துக்குள் புதிதாக எழும்பி வந்த கோட்டைக்கு அவை மறுநாள் போய்ச் சேர வேண்டும். அதிகாரிகள் இரவும் பகலும் கப்பலிலேயே தங்க வேண்டுமென்பது சேனையின் கட்டளை. அன்றிரவு மூவரும் வீட்டுக்குப் போய்விட்டனர். அடிமைகளை விட்டுச் செல்வதில் அபாயமுண்டென்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. நாற்காலி தன்னைத் தானே தூக்கிக்கொண்டு போய்விடும் என்று எந்த வீட்டுக்காரரும் அஞ்சுவதில்லையல்லவா?

அதிகாலை 3 மணி சுமாருக்குக் கொதிகலத்தில் தீ மூட்டப்பட்டது. தென் சமஷ்டிக் கொடியும் தென் கரோலினாக் கொடியும் ஏற்றப்பட்டன. சேனாபதியின் அலுவலகம் கூப்பிடு தூரத்திலிருந்தது. காவற்காரன் கப்பல் புறப்படுவதைக் கண்டான். வழக்கமான ஊழியத்துக்குப் போகிறதென்று எண்ணிச் சும்மா இருந்தான். கப்பல் முதலில் கடலை நோக்கிப் போகவில்லை. வேறொரு துறையில் ஒளிந்திருந்த பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொள்ளச் சென்றது. ஆண்கள் 8, பெண்கள் 5, குழந்தைகள் 3 ஆகப் பதினாறு உயிர்கள். பிடிபட நேர்ந்தால் கப்பலை மூழ்கடித்துவிட்டு, அது உடனே மூழ்காவிட்டால் கைகோத்துக் கடலில் குதித்துவிடுவதென்று அவர்கள் முன்னமே தீர்மானித்திருந்தனர்.

காப்டனின் வைக்கோற்றொப்பியை ஸ்மால்ஸ் தலையில் வைத்துக்கொண்டார். காப்டன் நிற்கும் இடத்தில், காப்டன் நிற்கும் மாதிரியிலேயே நின்றார். தூரத்திலிருந்து மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பவனுக்குத் தொப்பியும் நிலையுந்தானே காப்டன்! ஒவ்வொரு கோட்டையின் எதிரிலும் குறிக்கப்பட்ட ஊதல் அடையாளத்தைத் தவறாமல் கொடுத்தார். சம்டரை அடையும்போது மணி ஏறக்குறைய 4.30, கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிட்டது. அக்கோட்டையின் பீரங்கிகளுள் ஒன்று முழங்கினாலும் அந்த மரக் கலம் தூளாய்ப் போயிருக்கும். இரண்டு நீண்ட ஊதல், ஒரு குறுகிய ஊதல். கோட்டையிலிருந்து போகலாமென்று விடை வந்தது. அவசரத்தைக் காட்டிக்கொள்ளாமல் வழக்கமான வேகத்திலேயே கப்பலைச் செலுத்தியதை நாம் பெரிதும் வியக்கிறோம். அந்த நிமிஷங்களில் இயந்திரத்தை முடுக்கிவிடாதிருப்பதற்கு, முடுக்குவதைவிட அதிகத் துணிவு வேண்டும்.

குண்டு எட்டாத தூரம் சென்றதும் கொடிகள் இறங்கின. ஹன்னா கொண்டுவந்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பு ஏறிற்று. முற்றுகையில் நின்ற 'ஆன்வர்டு' என்ற பாய்மரக் கப்பல் தன் பீரங்கிகளைத் திருப்பிச் சுடுவதற்கு ஆயத்தமாகிவிட்டது. அந்த வெள்ளைத் துணி கடைசித் தறுவாயில் கண்ணிற் படாவிட்டால் நாம் இதை எழுத விஷயமே இருந்திராது. பீரங்கிகள் ஆறும் கப்பலும் போக, ஸ்மால்ஸ் கொண்டுவந்த வேறிரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, தென் சமஷ்டியாரின் அடையாளக் குறிகள் அடங்கிய புஸ்தகம். அதைக் கொண்டுவந்தவருக்கு அப்போது எழுத்து வாசிக்கத் தெரியாது! மற்றொன்று, கோல்ஸ் தீவின் பீரங்கி மேடு காலியாகிவிட்டதென்ற செய்தி. கடற்படைத் தலைவர் டூபாண்ட் அதை நம்பி நடந்தார். ஒரு வாரத்துக்குள் ஸ்டோனோ நதியின் வாய் போரின்றி ஐக்கிய சர்க்காரின் வசமாயிற்று. அந்தப் புறவாசல் வழியாகவே பின்னர் சார்லஸ்டனின்மேற் படைகள் சென்றன. சார்லஸ்டனிலோ, வீட்டுக்குப் போய்த் தூங்கிய அதிகாரிகளின்மேல் இராணுவ விசாரணை நடந்தது.

இப்பதினாறு பேரும் அன்று காலை சுதந்திர மனிதராயினர் என்று சொல்ல ஆசைதான். சட்டம் அவ்வளவு தெளிவாக இல்லை. தென் கரோலினா, ஜார்ஜியா, புளோரிடா ஆகிய மூன்று ராஜ்யங்களின் அடிமைகளும் விடுதலை பெற்றனர் என்று சேனாபதி ஹண்டர் மே 9-ந் தேதி பிரகடனம் செய்தார். அது செல்லாதென்று ஜனாதிபதி லிங்கன் மே 19-ந் தேதி ரத்துச் செய்தார். இவ்விரு தேதிகளுக்கும் நடுவே வந்தது 'பிளாண்டர்'. எல்லைப்புற அடிமை ராஜ்யங்கள் கோபித்துக்கொள்ளும் என்ற அச்சம் லிங்கனுக்கு இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. ஆனால் தப்பி வந்தவர்களை அன்றைய வழக்கில் யுத்தத்திற் கைப்பற்றிய 'சரக்கு' என்ற பெயரால் குறித்த சர்க்கார், அந்தச் சரக்கு ஒரு கப்பலைக் கைப்பற்றிக்கொண்டு வந்தால் என்ன செய்யும்? விசேஷச் சட்டம் ஒன்று நிறைவேற்றி, மே 30-ந் தேதி லிங்கன் கையொப்பமிட்டார். கப்பலின் மதிப்பிற் பாதியை அதைக் கொண்டுவந்தவர்களுக்கு வெகுமதியாக அளிப்பதென்பது அச்சட்டம்.

மதிப்பிட்டவர்கள் கப்பலுக்கும் சரக்குக்குமாகக் கண்ட விலை 9,168 டாலர். பாதி, 4,584. ஸ்மால்ஸுக்கு 1,500, இயந்திரத்தை இயக்கிய இருவருக்குத் தலைக்கு 450, மற்ற ஆண்களுக்கு 400-ம் அதற்குச் சிறிது குறைந்தும், துணையின்றி வந்த பெண்கள் இருவருக்கு நூறு நூறு. இரண்டு வயதே ஆன நீராவிக் கப்பலும், ஆறு பீரங்கிகளும் சேர்ந்து ஒன்பதாயிரத்துச் சொச்சந்தானாம்! 1883-ல் பிரதிநிதி சபையின் அறிக்கையொன்று, இம்மதிப்பு நகைக்கத்தக்க அளவு குறைந்ததென்றும், நியாயமான விலை 60,000 டாலருக்கு மேலென்றும் கூறிற்று. இருபத்தொரு வருஷங்கள் கழித்து வந்த கூற்று அது.

கப்பலின் புதிய ஊழியத்துக்கு வருவோம். டூபாண்ட் அதைக் கடற்படையிற் சேர்த்துக்கொண்டார். ஜூன் மாதத்தில் 'குருசேடர்' என்ற கப்பலுடன் வாட்மலா நதியில் ஏறிச் சென்று, சிம்மன்ஸ் பிளப் என்னுமிடத்திலிருந்த தென் சமஷ்டியாரின் பாசறையை அழித்து வந்தது. ஆழமற்ற ஓடைகளுக்கு அது எவ்வளவு உகந்ததென்பதை முன்பு தென்னாட்டார் அறிந்திருந்தது போலவே, இப்போது வடநாட்டாரும் அறிந்தனர். ஆனால் ஒரு சங்கடம். அதன் அடுப்பு விறகுக்கென்று செய்யப்பட்டது. கடற்படையோ நிலக்கரியில் ஓடுவது. முற்றுகைக் கப்பல்கள் நின்ற இடத்தில் விறகுக்கு எங்கே போவது? ஆகையால் அந்த வருஷத்துக்குள்ளாகவே கடற்படையார் அதை இராணுவத்துக்கு மாற்றிக் கொடுத்துவிட்டனர். விறகுப் பஞ்சத்தால் நேர்ந்த இந்த மாற்றந்தான் பின்னால் ஸ்மால்ஸின் உபகாரச் சம்பளத்துக்கு உலை வைத்தது. சரித்திரத்தில் சில சமயம் காரணங்கள் இவ்வளவு அற்பமானவை.

ஆகஸ்டு மாதத்தில் ஸ்மால்ஸ் வாஷிங்டனுக்குப் போனார். மான்ஸ்பீல்டு பிரெஞ்சு என்ற பாதிரியாருடன் யுத்த மந்திரி ஸ்டாண்டனைக் கண்டு, கறுப்பரைச் சிப்பாய்களாய்ச் சேர்க்க வேண்டுமென்று வாதாடினார். கறுப்பர் கையில் துப்பாக்கி கொடுத்தால் அவர்கள் சண்டை செய்வார்களா என்பதுதான் அப்போது வடநாட்டில் எங்கும் கேட்கப்பட்ட கேள்வி. அதற்கு விடை, கோட்டைகளின் வாயிற்படியில் ஊதல் ஊதி வந்த மனிதராகவே மந்திரியின் எதிரில் நின்றது. அம்மாதம் 25-ந் தேதி, அப்பிரதேசத்திற் கறுப்பர் 5,000 பேர் வரை படையிற் சேர்க்கலாமென்று ஸ்டாண்டன் உத்தரவு தந்தார். அதை வாங்கித் தந்தவர் ஸ்மால்ஸ் ஒருவரே என்று நாம் சொல்லத் துணியவில்லை. படைகளுக்கு ஆள் பற்றாக்குறை என்ற நெருக்கடியும் உடன் இருந்தது. யுத்த முடிவுக்குள் அமெரிக்கச் சேனையிற் சேர்ந்த கறுப்பர் தொகை சுமார் 1,80,000.

1863 ஏப்ரல் 7-ந் தேதி இரும்புக் கவசக் கப்பல்கள் சார்லஸ்டனைத் தாக்கியபோது, அவற்றுள் ஒன்றாகிய 'கியோகக்'குக்கு வழிகாட்டியவர் ஸ்மால்ஸ். தொண்ணூறு குண்டுகள் வரை தைத்து, அது மறுநாட் காலையில் மூழ்கிற்று. அவர் தப்பிப் பிழைத்துத் தம் பழைய கப்பலுக்கே திரும்பினார். அவ்வருஷம் டிசம்பர் முதல் தேதி, பாலி தீவுக்கருகே குறுகிய ஓடையொன்றில் 'பிளாண்டர்' கரையிலிருந்த பீரங்கிகளிடம் அகப்பட்டுக்கொண்டது. வெள்ளைக் காப்டன் சரணடைந்துவிடத் தீர்மானித்தார். ஸ்மால்ஸ் இசையவில்லை. காப்டன் பிடிபட்டால் யுத்தக் கைதி. மாலுமிகள் பிடிபட்டால் ஓடிப்போன அடிமைகள். கைதிக்குச் சோறு உண்டு. அடிமைக்குத் தூக்குக் கயிறோ ஏலமோ உண்டு. காப்டன் கரி அறைக்குள் போய் ஒளிந்துகொள்ள, ஸ்மால்ஸ் கப்பலைக் குண்டு மழையினூடே வெளியே கொணர்ந்தார். சேனாபதி கில்மோர் அந்தக் காப்டனை நீக்கிவிட்டு ஸ்மால்ஸையே காப்டனாக்கினார். ஒன்றரை வருஷத்துக்கு முன் வைக்கோற்றொப்பியின் உதவியால் மாத்திரம் காப்டனாயிருந்தவர், அதே கப்பலில் உண்மைக் காப்டனானார்.

1864-ல் கப்பல் பிலடெல்பியாவுக்குப் பழுது பார்க்கச் சென்றது. மாதக் கணக்கில் அங்கே தங்கிய காலத்தில் ஸ்மால்ஸ் ஆசிரியர் வைத்து வாசிக்கக் கற்றார். டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், டிராம் வண்டியில் உட்கார்ந்திருந்த அவரை, கறுப்பருக்கு இடமில்லையென்று எழச் சொன்னான் வண்டிக்காரன். அவர் இறங்கிக் கப்பல் துறைக்கு நடந்தே போனார். அடிமை வழக்கம் இல்லாத ராஜ்யம் அது. சுதந்திரப் பிரகடனம் கையொப்பமான நகரம் அது. யுத்த வீரருக்கு நேர்ந்த இவ்வவமானம் நகரத்தாருட் பலரை வெட்கமுறச் செய்தது. அங்கே முன்பே நடந்துவந்த கிளர்ச்சிக்கு அது வலுத் தந்தது. வண்டிகளில் நிறபேதம் பாராட்டலாகாதென்று பென்சில்வேனியாவில் 1867-ல் சட்டம் பிறந்தது.

1865 பிப்ரவரி 18-ந் தேதி சார்லஸ்டன் பணிந்தது. ஏப்ரல் 14-ந் தேதி, நாலு வருஷங்களுக்கு முன் சம்டர் கோட்டையிலிருந்து தாம் இறக்கிய அதே கொடியை ஆண்டர்சன் மீண்டும் ஏற்றினார். அந்த வைபவத்துக்கு விடுதலை பெற்ற ஜனங்களைத் தாங்கமுடியாத அளவு ஏற்றிக்கொண்டு வந்தது 'பிளாண்டர்'. அடிமைக் கிளர்ச்சிக்குச் சதி செய்தாரென்று 1822-ல் அதே நகரில் தூக்கிலிடப்பட்ட டென்மார்க் வெசேயின் மகனும் அக்கப்பலில் இருந்தார். ஸ்மால்ஸ் காப்டன் நிலையில் நின்றார். அன்றிரவு வாஷிங்டனில் லிங்கன் சுடப்பட்டார்.

1866-ல் கப்பல் பால்டிமோர் துறைக்குச் சென்று, ஊழியம் முடிந்து, விற்கப்பட்டது. ஸ்மால்ஸ் தம் ராஜ்யத்தின் சட்டசபைக்கும், பிறகு 1875 முதல் பல தடவை தேசத்தின் பிரதிநிதி சபைக்கும் அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் காப்டனுக்குரிய உபகாரச் சம்பளம் கேட்டபோது, கடற்படைப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லையென்ற விடை வந்தது. கப்பல் இராணுவத்துக்கு மாற்றப்பட்டதல்லவா? இராணுவத்திலோ அவர் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஊழியராம். குண்டு மழையிற் காப்டன், கணக்கெழுதும்போது கூலிக்காரர். தென்னாட்டார் பைலட் என்ற சொல்லை மறுத்தனர். வடநாட்டார் சொல்லைக் கொடுத்துக் காகிதத்தை மறுத்தனர். எது கொடியதென்று நாம் தராசு பிடிக்கப் போவதில்லை. ஒன்றில் சவுக்கு இருந்தது, மற்றதில் இல்லை. அந்த வித்தியாசம் பெரிதுதான். ஆயினும், 1897-ல் விசேஷச் சட்டம் ஒன்றினால் மாதம் 30 டாலர் உபகாரச் சம்பளம் அவருக்குக் கிடைப்பதற்குள், யுத்தம் முடிந்து முப்பத்திரண்டு வருஷங்கள் சென்றுவிட்டன. 1900-ல் 'பிளாண்டரை'க் கொண்டுவந்ததற்கு 5,000 டாலர் வழங்கக் காங்கிரஸ் இசைந்தது. 1862-ல் பெற்ற 1,500-ஐ அதிற் கழித்துக்கொள்ள மறக்கவில்லை! 1915-ல் அவர் காலமானார். தென் சமஷ்டியாரின் வெற்றியொன்றின் பெயரால் 'சான்சலர்ஸ்வில்' என்று வழங்கிய கடற்படைக் கப்பலுக்கு 2023-ல் அமெரிக்க சர்க்கார் 'ராபர்ட் ஸ்மால்ஸ்' என்ற பெயரைச் சூட்டினர்.

'பிளாண்டரோ' யுத்தத்துக்குப் பின் பழைய சொந்தக்காரரிடமே திரும்பி வந்து, பழையபடி அக்கரையோரத்தில் சரக்குச் சுமந்தது. 1876 மார்ச்சு 25-ந் தேதி, ரொமேன் முனைக்கருகே தரைதட்டிய பாய்க் கப்பலொன்றை இழுத்து விடுவிக்க முயன்றபோது முன்புறப் பலகை ஒன்று பெயர்ந்து உள்ளே நீர் புகுந்தது. பழுது பார்த்து அடுத்த ஏற்றத்தில் மிதக்கவிடலாமென்று காப்டன் அதைக் கரையேற்றினார். ஏற்றத்தோடு புயலும் வந்தது. அலைகள் அதை மோதி உடைத்தன, கைவிட வேண்டியதாயிற்று. அச்செய்தி கிடைத்தபோது பிரதிநிதி சபை அங்கத்தினராயிருந்த ஸ்மால்ஸ், குடும்பத்தில் ஒருவரை இழந்தது போலிருக்கிறதென்று சொன்னாராம். 2014-ஆம் வருஷம் மே மாதத்தில், அமெரிக்கக் கடல் ஆராய்ச்சி இலாகாவினர் அம்முனைக்கருகே மணலுக்கடியில் புதைந்து கிடக்கும் இரும்புப் பகுதிகளைக் கருவிகளால் கண்டறிந்து, அது பெரும்பாலும் 'பிளாண்டரா'கவே இருக்க வேண்டுமென்று அறிவித்தனர்.